ஒரே மின்மாற்றியின் கீழ்

புளியங்கூடலில் மின்விசிறியை எழுந்து போகிறவர் நிறுத்திவிட்டுப் போகிறார். தொலைக்காட்சி செய்தி முடிந்ததும் அணைகிறது. தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மோட்டரின் ஆளி விழுகிறது. குளிர்சாதனப் பெட்டி மட்டும் ஆண்டு முழுவதும் இரவும் பகலும் மின்சாரத்தோடு தொடுப்பில் நிற்கிறது. வாங்கி வந்த நாளில் அதைச் சுவரோரம் வைத்து, உள்ளே உள்ள குமிழை யாரோ ஒருவர் ஏதோ ஓர் எண்ணுக்குத் திருப்பியிருப்பார். அதன்பிறகு பத்து வருடம் போனாலும் அந்தக் குமிழை யாரும் தொடுவதில்லை. அந்தக் குமிழை எந்த அளவில் வைப்பது என்று ஊராகக் கூடி ஓர் இணக்கத்துக்கு வருவோம் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

கேட்பது பெரிய தியாகமன்று. சாப்பாடு வைக்கும் பகுதி 4 பாகை செல்சியஸ், உறைநிலைப் பெட்டி மறை 18 பாகை. உணவு பழுதாகாமல் இருக்க இவ்வளவு குளிர் போதும். சமைத்த உணவை 5 பாகைக்குக் கீழே வைக்கும்படிதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆனால் குமிழைக் கடைசி எண்ணில் வைத்திருக்கும் வீடுகளில் உள்ளே 1 பாகையோ 0 பாகையோ இருக்கும். வெண்டிக்காய் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும், போத்தல் தண்ணீரின் மேலே ஐஸ் படியும். அந்த மேலதிகக் குளிரால் கறியின் சுவையும் கூடாது, ஆயுளும் பெரிதாகக் கூடாது. ஆனால் கீழே இறக்கும் ஒவ்வொரு பாகைக்கும் மின்சாரம் சில வீதம் கூடுதலாகப் போகும்.

குமிழில் உள்ள 1, 2, 3 என்ற எண்களைப் பாகை என்று எண்ணுகிறவர்கள் பலர். அவை பாகை அல்ல. எண் கூடக்கூடக் குளிர் கூடும், கொம்பிரசர் ஓடும் நேரமும் கூடும். ‘1 இல் வைத்தால் ஒரு பாகைதானே, அதுதான் கடுங்குளிர்’ என்று நினைத்து அதைத் தவிர்த்து 5 இல் வைத்திருப்பவர் உண்மையில் செய்வது நேர் எதிரானது. உள்ளே என்ன வெப்பநிலை என்று அறிய வழி எளிது. ஒரு குவளைத் தண்ணீரில் சிறிய வெப்பமானியை இட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் வாசிக்கவேண்டும். காற்றின் வெப்பம் கதவு திறக்கும்போதெல்லாம் மாறும். தண்ணீரின் வெப்பம் உடனே மாறாது. 4 பாகைக்குக் கீழே போயிருந்தால் குமிழை ஓர் எண் குறைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி பார்க்கவேண்டும். 5 ஐத் தாண்டியிருந்தால் ஓர் எண் கூட்டவேண்டும். குளிரைக் குறைக்கத்தான் எல்லோரையும் கேட்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். பழுதடைந்த பெட்டியில் 9, 10 பாகையில் மீன்கறி வைத்துச் சாப்பிடும் வீடும் திருத்தப்பட வேண்டிய வீடுதான்.

முதலில் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். இலங்கையின் வீட்டு மின்கட்டணத்தில் 60 அலகு என்பது ஒரு வேலி. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விலைப்பட்டியல். 60 ஐத் தாண்டிய வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு பட்டியல். கூடுதலாகச் செலவான சில அலகுகளுக்கு மட்டுமன்றி, முன்னர் குறைந்த விலையில் கிடைத்த 60 அலகுக்கும் சேர்த்துக் கூடிய விலை கொடுக்கவேண்டும். நிலையான கட்டணமும் கூடவே ஏறும். 90, 120, 180 என்று அடுத்த படிகளிலும் நிலையான கட்டணமும் அலகு விலையும் பாய்கின்றன.

நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் இப்போது இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், சிலவற்றில் ஒருவர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும். அப்படிப்பட்ட வீட்டில் மின்குமிழ்கள், ஒரு விசிறி, தொலைக்காட்சி, தண்ணீர் மோட்டர் எல்லாம் சேர்ந்து மாதம் 25 அலகு என்று வைத்துக்கொள்வோம். பழைய குளிர்சாதனப் பெட்டி நாளுக்கு ஒன்றரை அலகு இழுத்தால் மாதம் 45. மொத்தம் 70, வேலி தாண்டியாயிற்று. அதே பெட்டியைத் திருத்தமாக வைத்து, கதவு றப்பரை மாற்றி, சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி நாளுக்கு 1.1 அலகுக்குக் கொண்டுவர முடிந்தால் மாதம் 33. மொத்தம் 58, வேலிக்குள் நிற்கலாம். எல்லா வீட்டிலும் இதே எண்கள் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் சிறிய வீடொன்றில் பட்டியல் எந்தப் பக்கம் விழும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒரு பெட்டிதான். 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்தபோது முதியவர்கள் பட்ட பாட்டை ஊர் மறந்திருக்காது. பிறகு கட்டணம் இறங்கியதும் உண்டு, ஏறியதும் உண்டு. அது நம் கையில் இல்லை. குமிழ் நம் கையில் இருக்கிறது.

‘பிள்ளை காசு அனுப்புகிறான், பில்லைப் பற்றி எனக்கென்ன’ என்று சொல்லக்கூடிய வீடுகளும் இருக்கின்றன. உண்மையில் இக்கட்டுரை எழுதப்பட்டதே அந்த வீடுகளை நினைத்துத்தான். காசு கொடுத்துவிட்டால் மின்சாரம் நமக்கு மட்டும் உரிய பொருளாகிவிடாது.

நம் ஊர் உள்ள வேலணைத்தீவுக்கு மின்சாரம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கடலைத் தாண்டி வருகிறது. சரவணை, நாரந்தனை, சுருவில், புளியங்கூடல், ஊர்காவற்றுறை என்று கிளை கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு மின்மாற்றியின் கீழும் கொஞ்சம் வீடுகள். மின்சாரக் கம்பி நீள நீள, அதில் இழுவை கூடக்கூட, கடைசி வீட்டில் வோல்ற்றளவு விழும். இது மின்சாரத்தின் இயல்பு. நம் நாட்டில் வீட்டுக்கு வரவேண்டிய அளவு 230 வோல்ற், அதிலிருந்து 6 வீதம் கூடலாம் அல்லது குறையலாம். மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, மோட்டர், பெட்டி எல்லாம் ஒன்றாக ஓடும்போது மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீட்டுக்கு ஒன்றும் தெரியாது. கம்பியின் முடிவில் இருக்கும் வீட்டில் விசிறி தளரும். அந்த வீட்டுப் பெட்டியின் கொம்பிரசர் குறைந்த வோல்ற்றில் திணறிச் சூடேறும், சில நேரம் கருகியும் போகும். அதைத் திருத்துவதற்கு ஆகும் செலவை, கம்பியின் தொடக்கத்தில் 5 இல் குமிழை வைத்திருந்தவர் கொடுக்கப்போவதில்லை.

ஊர்க்கிணற்றில் ஒருவர் அள்ளிக்கொண்டேயிருந்தால் அடுத்தவர் ஊறும்வரை காத்திருக்கவேண்டும். தீவகத்தில் பிறந்தவருக்கு இந்த நியாயத்தை விளக்கத் தேவையில்லை. நன்னீர் சொற்பமாயுள்ள மண்ணில் யார் எப்போது எவ்வளவு அள்ளுவது என்பதை ஊர் எழுதாத சட்டமாகக் கடைப்பிடித்திருக்கிறது. மின்சாரத்துக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும்.

மாலை நேரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். மின்சார சபையின் கணக்கில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். அந்த நான்கு மணித்தியாலத்தில்தான் மிகச் செலவு கூடிய எண்ணெய் மின்நிலையங்களையும் இயக்கவேண்டி வருகிறது. அந்த எண்ணெய் முழுவதும் டொலர் கொடுத்து வாங்குவது. 2022 இல் டொலர் இல்லாமல் போனபோது நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையமும் கப்பலில் வரும் நிலக்கரியை நம்பியதுதான்.

பகலில் நிலைமை வேறு. கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகிவிட்டன. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. குரங்கின் கதை உலகம் முழுக்கப் பரவியது. விடுமுறை நாளில் பாவனை குறைந்து, சூரிய மின்சாரம் மிகுந்து, வலைப்பின்னல் அதிர்ச்சி தாங்கும் வலுவின்றி இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இரண்டு மாதம் கழித்து ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறை நாட்களில் பகலில் கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. மத்தியானம் வேண்டாமென்று சொல்லுமளவுக்கு மின்சாரம், மாலையில் எண்ணெய் எரித்தும் பற்றாக்குறை. இந்த இடைவெளியைக் குளிர்சாதனப் பெட்டி ஓரளவு நிரப்பும். ஐஸ் கட்டி வேண்டுமென்றால் காலை பத்து மணிக்குத் தட்டை வையுங்கள். சந்தையிலிருந்து வந்த மீனைக் கழுவி மத்தியானத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மாலை ஆறரைக்கு முன்பே பெட்டி நன்றாகக் குளிர்ந்திருந்தால், கதவை அடிக்கடி திறக்காமல் இருந்தால், உச்ச நேரத்தில் கொம்பிரசர் குறைவாகவே ஓடும். மாலையில் சமைத்ததைச் சுடச்சுட உள்ளே தள்ளுவதுதான் மிகக் கெட்ட பழக்கம். அதற்காக இரவு முழுக்க மேசையில் விடவும் கூடாது. நம் வெக்கையில் சோறும் கறியும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. சட்டியை ஒரு பேசின் தண்ணீரில் இறக்கி வைத்து, சிறிய பாத்திரங்களில் பிரித்து, ஆறியதும் மூடி வைக்கலாம்.

சிக்கனம் என்று சொல்லி இரவில் பெட்டியையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. படுக்கப் போகும்போது ஆளியை அணைத்து விடியப் போடுவார்கள். அவர்களுடைய நோக்கத்தைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் அதனால் மிஞ்சுவது சொற்பம். இரவெல்லாம் உள்ளே ஏறிய வெப்பத்தைக் காலையில் கொம்பிரசர் இடைவிடாமல் ஓடி வெளியேற்றவேண்டும். இரவு பத்தரைக்குப் பிறகு நாட்டில் பாவனை குறைவு, அதனால் மின்வலைக்கும் பெரிய உதவியில்லை. இடையில் உணவு 10, 12 பாகைக்கு ஏறி இறங்குவது கிருமிக்கு விருந்து. முதியவர் வயிற்றுப்போக்கோடு ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்குப் போகிற ஒரு பயணத்தின் செலவுக்கு அந்தச் சேமிப்பு ஈடாகாது. பெட்டி ஓடட்டும், தேவையான குளிரோடு ஓடட்டும்.

இன்சுலின் வைத்திருக்கும் வீடுகள் இதில் தனிக் கவனம் எடுக்கவேண்டும். நீரிழிவு இல்லாத வீடு இன்று அருமை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். உறைந்து போனால் அதைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது, உருகிய பிறகு பார்வைக்கு நல்லதாகத் தெரிந்தாலும் கூடாது. குமிழைக் கடைசி எண்ணில் வைத்து, மருந்தை உறைநிலைப் பெட்டிக்கு நேர் கீழே உள்ள தட்டில் வைப்பவர் தம் மருந்தைத் தாமே கெடுக்கிறார். இரவில் பெட்டியை நிறுத்துபவரும் அதேபோல்தான். கதவுத் தட்டும் வேண்டாம், பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், நடுத்தட்டின் முன்பக்கம் நல்லது. 4, 5 பாகை என்பது கறிக்கும் பொருந்தும், இந்த மருந்துக்கும் பொருந்தும். ஆகவே நாம் சொல்லும் அளவு மின்சாரத்துக்காக உடல்நலத்தை விட்டுக்கொடுக்கும் அளவன்று.

சரி, ஒரு குமிழைத் திருப்புவதால் நாட்டின் மின்சாரம் திருந்துமா என்று கேட்பார்கள். 2011 மார்ச் 11 இல் யப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் புக்குசிமா அணுமின் நிலையத்தை அழித்தபின், அந்தக் கோடையில் தோக்கியோப் பகுதிக்கு மின்சாரம் போதாது என்று தெரிந்தது. உச்ச நேரப் பாவனையை 15 வீதம் குறைக்கவேண்டும் என்று அரசு இலக்கு வைத்து, வீடுகளுக்குச் செய்யக்கூடிய காரியங்களின் பட்டியலைக் கொடுத்தது. அதில் ஒன்று நம் விஷயமேதான்: குளிர்சாதனப் பெட்டியைக் கடுங்குளிர் நிலையிலிருந்து நடுத்தர நிலைக்கு மாற்றுங்கள், கதவு திறக்கும் நேரத்தைக் குறையுங்கள், பொருட்களை அடைக்காதீர்கள். இதனால் வீட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய 2 வீதம் மிஞ்சும் என்று கணக்கிட்டிருந்தார்கள். இரண்டே வீதம். அதைச் சிறிதென்று யாரும் ஒதுக்கவில்லை. தொழிற்சாலை வேலை நாளை மாற்றியது, அலுவலகம் விளக்கைக் குறைத்தது, வீடு குமிழைத் திருப்பியது. அந்தக் கோடையில் தோக்கியோ மின்நிறுவனப் பகுதியின் உச்சப் பாவனை முந்திய ஆண்டைவிட 18 வீதம் அளவுக்கு இறங்கியது.

இன்னோர் உதாரணம் நமக்கு அளவில் நெருக்கமானது. அலாஸ்காவின் ஜூனோ நகருக்கு வெளியூரிலிருந்து தரைவழிப் பாதையே இல்லை. கப்பல் அல்லது விமானம்தான். 2008 ஏப்ரலில் பனிச்சரிவு நீர்மின் கம்பியை அறுத்தது. டீசலில் மின்சாரம் எடுக்கவேண்டி வந்து, விலை ஏறக்குறைய ஐந்து மடங்கானது. சில வாரங்களுக்குள் நகரம் தன் பாவனையை 30 வீதத்துக்கு மேல் குறைத்தது. விலை அவர்களைத் தள்ளியது உண்மை. ஆனால் அண்டை அயல் எல்லாம் ஒரே நாளில் ஒரே காரியத்தைச் செய்கிறது என்ற எண்ணமும் தள்ளியது. நாம் இந்தக் காரியத்தை நெருக்கடி வருமுன்பே செய்யலாமே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

நெருக்கடி என்றால் என்னவென்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990களில் குடாநாடு மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் வாழ்ந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பிறகே வவுனியா, கிளிநொச்சி வழியாக உயரழுத்தக் கம்பி சுன்னாகம் வந்து தேசிய மின்வலையோடு நம்மை மீண்டும் இணைத்தது. அதுவரை சுன்னாகத்தில் எண்ணெய் எரித்தார்கள். அந்த மின்சாரத்துக்குச் சுன்னாகத்துக் கிணறுகள் கொடுத்த விலையை நாம் அறிவோம். தனியார் மின்நிலையமொன்றின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபாய் செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. ஆளியைத் தட்டினால் வெளிச்சம் வருகிறது, அதன் மறுமுனையில் யாரோ ஒருவருடைய கிணறு இருக்கிறது.

நம் அயல் தீவுகளைப் பாருங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையோடு இணையாதவை. அங்கு எரியும் டீசல் கடலைத் தாண்டிப் போகவேண்டும். ஓர் அலகு மின்சாரத்துக்கு அங்கு ஆகும் செலவு மிக அதிகம், ஆனாலும் அம்மக்கள் நாமும் கொழும்பும் கட்டும் அதே கட்டணத்தைத்தான் கட்டுகிறார்கள், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். மிகுதியை நாடு முழுவதும் சுமக்கிறது. எழுவைதீவில் சூரியன், காற்று, பற்றரி, டீசல் நான்கும் சேர்ந்த தொகுதி சில ஆண்டுகளாக இருக்கிறது. மற்ற மூன்று தீவுகளுக்கும் அதுபோன்ற தொகுதி அமைக்க இந்தியாவின் நன்கொடையோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாற் சூரியத் தகடுகள், 530 கிலோவாற் காற்றாலைகள், 2,400 அலகு தேக்கும் பற்றரி, துணைக்கு டீசல் இயந்திரங்கள். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று தீவுகளிலும் ஆயிரம் பெட்டிகள் ஓடுகின்றன, சூரியன் மறைந்தபின் ஒவ்வொன்றும் அரை அலகு இழுக்கிறது என்று கொள்வோம். 500 அலகு. பற்றரியின் ஐந்தில் ஒரு பங்கு பெட்டிகளுக்கே போய்விடும். காற்றடிக்காத இரவில் அந்தப் பங்கு முடிந்ததும் டீசல் இயந்திரம் உறுமத் தொடங்கும். தீவொன்றில் மின்சாரம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைக் குளிர்சாதனப் பெட்டிகளின் குமிழ்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நம் கம்பி குடாநாட்டோடு இணைந்திருப்பதால் இது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நம் மண்ணில் பெட்டி கெடுவதற்குக் காற்றும் ஒரு காரணம். உப்புக்காற்று பின்பக்கக் கம்பிவலையில் படிந்து துருவை ஏற்றும், அதன்மேல் தூசி அப்பும். வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய இடம் அடைபட்டால் கொம்பிரசர் எவ்வளவு ஓடியும் பயனில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடுப்பைக் கழற்றிவிட்டு உலர்ந்த துணியால் துடைக்கலாம். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரற்கடையாவது வேண்டும். மேற்குச் சுவரோடு, வெயில் ஏறும் சீற்றுக் கூரையின் கீழ், அல்லது அடுப்பின் பக்கத்தில் நிற்கும் பெட்டியை இடம் மாற்றினாலே வித்தியாசம் தெரியும். கதவு றப்பருக்கு இடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வழுக்கி வந்தால் றப்பர் தளர்ந்துவிட்டது. உறைநிலைப் பெட்டியில் ஐஸ் விரல் தடிப்புக்கு ஏறவிடக்கூடாது, ஐஸ் படிவே குளிரைத் தடுக்கும் போர்வையாகிவிடும்.

குமிழும் காலத்தோடு மாறவேண்டியது. வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் அறையே குளிர்ந்திருக்கும். அப்போது பெரும்பாலான பெட்டிகளுக்கு 1 அல்லது 2 போதும். பங்குனி, சித்திரை வெக்கையில் 3 க்குப் போகவேண்டி வரலாம். வெப்பமானி சொல்லட்டும். சோளகம் எப்போது கிளம்பும், எப்போது அடங்கும் என்று கடலைப் பார்த்தே சொல்லும் மக்கள் நாம். வருடத்துக்கு இருமுறை ஒரு குமிழைத் திருப்ப நமக்கு நினைவிருக்கும்.

மீனைப் பற்றிச் சொல்லாமல் தீவகத்தில் இந்தப் பேச்சு முடியாது. ஒரு கதவுப் பெட்டிகளில் மேலே உள்ள சிறிய உறைநிலைப் பெட்டி எல்லாம் மறை 18 பாகைக்குப் போவதில்லை. அதன் கதவில் நட்சத்திரக் குறி இருக்கும். ஒரு நட்சத்திரம் மறை 6, இரண்டு மறை 12, மூன்று மறை 18. ஒரு நட்சத்திரப் பெட்டியில் இரண்டு கிழமைக்கு மீன் வைக்க நினைத்து குமிழைக் கடைசிக்குத் திருப்பினால் மீனும் நன்றாக இருக்காது, கீழே மரக்கறியும் உறைந்துபோகும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் இரண்டு கிழமை மீனைத் தேக்கி வைக்கும் தேவை ஏன் வந்தது என்பதையும் யோசிக்கவேண்டும். சந்தைக்குப் போக ஆளில்லாத முதியவர்கள் ஒரேயடியாக வாங்கி வைக்கிறார்கள். அயலில் ஒருவர் போகும்போது அவர்களுக்கும் இரண்டு மீன் வாங்கி வந்து கொடுத்தால் அந்தத் தேவை பாதியாகும். மின்சாரச் சேமிப்பும் அயலுறவும் இந்த இடத்தில் ஒரே காரியம்தான்.

வெளிநாட்டில் இருக்கும் நம் உறவுகளிடம் நேராகவே கேட்கிறோம். அம்மா தனியே இருக்கும் வீட்டுக்கு அன்பின் மிகுதியால் 400, 500 லீற்றர் இரட்டைக் கதவுப் பெட்டி வாங்கிக் கொடுக்கிறீர்கள். நீங்கள் கோயில் திருவிழாவுக்கு வந்து நிற்கும் இரண்டு கிழமைக்கு அது நிறையும். மீதி ஐம்பது கிழமையும் ஒரு கிண்ணம் சாம்பாரையும் இரண்டு போத்தல் தண்ணீரையும் குளிரவைத்துக்கொண்டு நிற்கும். இருவர் வாழும் வீட்டுக்கு 200 லீற்றர் அளவான, இன்வேட்டர் கொம்பிரசர் உள்ள பெட்டி போதும். வாங்குமுன் ஆண்டுக்கு எத்தனை அலகு எடுக்கும் என்ற குறிப்பைக் கடைக்காரரிடம் கேளுங்கள். புதிய பெட்டி வந்தபின் பழையதைத் தண்ணீர்ப் போத்தலுக்கென்று பின் விறாந்தையில் ஓடவிடும் வழக்கம் வேண்டவே வேண்டாம். இரண்டு பெட்டி ஓடும் வீட்டில் புதிய பெட்டியின் சிக்கனம் முழுவதும் அந்தப் பழையதில் போய்விடும்.

கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. குளிர்பானக் கண்ணாடிப் பெட்டிகள் வெயிலைப் பார்த்தபடி, உள்விளக்கு எரிய, கடுங்குளிரில் நிற்கின்றன. சோடாவுக்கு 2 பாகை தேவையில்லை. கடை பூட்டியபின் உள்விளக்காவது அணையட்டும்.

பொறுப்பு முழுவதையும் வீடுகளின் தலையில் ஏற்றிவிட்டு அதிகாரிகள் ஒதுங்க நாம் இடங்கொடுக்கக்கூடாது. கம்பியின் கடைசி வீடுகளில் மாலை நேர வோல்ற்றளவு என்ன என்று மின்சார சபை அளந்து சொல்லவேண்டும், 6 வீதத்துக்கு மேல் விழுமானால் கம்பியைத் தடிப்பாக்கவோ மின்மாற்றியைக் கூட்டவோ வேண்டும். நிலைபேறான வலுசக்தி அதிகாரசபை 2007 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்தது, சிக்கனத்தை வளர்ப்பது அதன் கடமை. தமிழில் எளிய அறிவுறுத்தல் ஒன்றையும் மலிவான வெப்பமானிகளையும் தீவகத்துக்குக் கொண்டுவருவது அதற்குப் பெரிய காரியமல்ல. ஆனால் அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

சனசமூக நிலையத்தில் ஐந்தாறு வெப்பமானிகள் இருந்தால் ஊருக்குப் போதும். வாசிகசாலைப் புத்தகம்போல் பெயரெழுதிக் கொடுத்து, இரண்டு நாளில் திரும்ப வாங்கி, அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் தனியே இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்து, குமிழைத் திருப்பி, றப்பரைச் சோதித்து, மீற்றர் வாசிப்பைக் குறித்து வரலாம். ஒரு மாதம் கழித்து மறுபடி வாசித்தால் எவ்வளவு மிஞ்சியது என்பது யாருடைய சொல்லையும் நம்பாமல் தெரிந்துவிடும். நூறு வீடுகளில் நாளுக்குக் கால் அலகு வீதம் மிஞ்சினால் ஆண்டுக்கு 9,000 அலகுக்கு மேல். எந்த வீட்டுக்கு எவ்வளவு பில் என்று பகிரங்கமாகப் போடவேண்டியதில்லை, ஒரு மின்மாற்றியின் கீழுள்ள வீடுகளின் கூட்டுத்தொகையை மட்டும் அறிவித்தால் போதும். கோயில் நிர்வாகமும் தேவாலயமும் மாதர் சங்கமும் ஒரே நாளில் இதைத் தத்தம் ஆட்களுக்குச் சொல்லலாம்.

வாடை தொடங்கும் கார்த்திகை முதலாம் கிழமையில் ஆரம்பிப்போம் என்று முன்மொழிகிறோம். அறை குளிர்ந்திருக்கும் காலம் என்பதால் குமிழைக் குறைக்க யாருக்கும் தயக்கம் இருக்காது. முதலில் இன்சுலின் வைத்திருக்கும் வீடுகளுக்கும், அடுத்து கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கும் வெப்பமானி போகட்டும்.